ஆய்வுக் கட்டுரைக்குப் பணம் கட்டும் முன் பல்கலைக்கழக நூலகத்தைக் கேளுங்கள்

செம்பனை ஆலையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்துகொண்டே பகுதி நேரமாகப் பொறியியல் முதுகலை படிக்கும் இந்திய மாணவர்கள் பலர் உள்ளனர். வேலை முடிந்து இரவில் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடினால், இணையத்தளம் சுருக்கத்தை மட்டும் காட்டி, முழுவதையும் படிக்கப் பணம் கேட்கிறது. ஒரே கட்டுரைக்கு நூறு ரிங்கிட்டுக்கு மேல் ஆவதும் உண்டு. சிலர் அத்துடன் தேடலைக் கைவிடுகின்றனர். ஆனால், அதே கட்டுரைக்கு அவர்களின் பல்கலைக்கழகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கக்கூடும்.

வீட்டிலிருந்தே படிக்கலாம்

கூகுளில் நேரடியாகத் தேடும்போது, தேடுபவர் எந்தப் பல்கலைக்கழக மாணவர் என்பது பதிப்பகத்துக்குத் தெரியாது. அதனால்தான் பணம் கேட்கிறது. முதலில் நூலகத்தின் இணையத்தளத்தில் மாணவர் கணக்கு வழியாக நுழைந்து, அங்கிருந்து தரவுத்தளங்களைத் திறக்க வேண்டும். தோட்டத்து வீட்டில் கைப்பேசி இணையம் இருந்தாலே போதும். கூகுள் ஸ்காலர் அமைப்பில் தங்கள் நூலகத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டால், முழுக் கட்டுரை கிடைக்கும் இடங்களில் அதற்கான இணைப்பும் தோன்றும்.

எதை எங்கே தேடுவது?

மின்னியல், மின்னணுவியல் துறையினர் ஐஇஇஇ எக்ஸ்புளோரில் தொடங்கலாம். இரசாயன, இயந்திரப் பொறியியல் துறையினருக்கு சயின்ஸ்டைரக்ட் உதவும். ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டும் வேறு வகை. எந்தக் கட்டுரையைப் பின்னர் யார் மேற்கோள் காட்டினர் என்பதை அவை காட்டும். ஒரு நல்ல கட்டுரை கையில் இருந்தால், அதைத் தொடர்ந்து வந்த புதிய ஆய்வுகளை அவற்றின் வழி கண்டுபிடிக்கலாம்.

மலாயாப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம் போன்றவற்றின் மின்களஞ்சியங்களில் முந்தைய மாணவர்களின் ஆய்வேடுகள் உள்ளன. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் வெளியிடும் ஆய்விதழை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். சோதனை முறைகளுக்கான ஐஎஸ்ஓ, ஏஎஸ்டிஎம் தரநிலைகள் விலை அதிகமானவை. வாங்கும் முன் நூலகத்தில் உள்ளனவா என்று கேட்பது நல்லது. தம் கண்டுபிடிப்புக்கு வேறொருவர் ஏற்கெனவே காப்புரிமை பெற்றுவிட்டாரா என்பதை எஸ்பாஸ்நெட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

தேடும் சொல் முக்கியம்

பழம் உதிர்த்தபின் ஆலையில் எஞ்சும் வெற்றுக் குலையின் நாரைப் பற்றி ஒருவர் ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆங்கிலச் சுருக்கமான 'இஎஃப்பி' என்பதை மட்டும் தட்டினால், விமானிகள் பயன்படுத்தும் மின்னணுக் கருவி பற்றிய கட்டுரைகளும் வந்து குவியும். அதற்கும் அதே சுருக்கம்தான். முழுப் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, 'ஆர்' என்ற ஆங்கில இணைப்புச் சொல்லால் சுருக்கத்தையும் சேர்த்து, இவ்விரண்டையும் அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். பின்னர் 'ஆண்ட்' என்று இட்டு, செம்பனைக்கான ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் தேவையானவை மட்டும் மிஞ்சும்.

நூலகர் இருப்பது உதவத்தான்

குடும்பத்தில் முதன்முறையாகப் பல்கலைக்கழகம் சென்றவர்கள் நூலகரை அணுகத் தயங்குவது உண்டு. ஆனால், தேடலுக்கு வழிகாட்டுவதும் நூலகரின் பணிதான். தங்கள் நூலகத்தில் இல்லாத கட்டுரையைப் பிற நூலகத்திலிருந்து பெற்றுத் தரும் சேவை உண்டா என்று கேட்கலாம். சொத்தேரோ, மெண்டலே போன்ற மேற்கோள் மென்பொருள்களுக்குப் பல நூலகங்கள் பயிற்சி அளிக்கின்றன. யுஎஸ்எம் பொறியியல் மாணவர்களுக்கு நிபோங் திபால் வளாகத்திலேயே நூலகம் உள்ளது.

கட்டணம் வாங்கிக்கொண்டு விரைவில் வெளியிடுவதாக மின்னஞ்சல் அனுப்பும் ஆய்விதழ்களிடமும் கவனம் தேவை. ஸ்கோப்பஸ் பட்டியலில் உள்ளதாக அவை சொல்லிக்கொள்ளலாம். பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட இதழ்களும் உண்டு. பணம் கட்டும் முன் நூலகரிடம் காட்டிச் சரிபார்ப்பது நல்லது.

பட்டம் பெற்றபின் மாணவர் கணக்கு மூடப்படும். சேகரித்த கட்டுரைகளையும் மேற்கோள் பட்டியலையும் அதற்கு முன்பே சொந்தக் கணினியில் சேமித்துக்கொள்வது அவசியம்.