செல்லத்தை நாய்கள் கடித்துவிட்டதா? சின்ன ஓட்டைதானேன்னு விட்டுடாதீங்க!

பனமலை மாதிரி ஊர்களில் தெருநாய்கள் கூட்டமாகத்தான் பாயும். உங்க நாயின் முடியை விலக்கிப் பார்த்தால் ரெண்டே ரெண்டு பல் தடம் தெரியும். அதை நம்பாதீங்க. கவ்வி உலுக்கும்போது உள்ளே தசை நசுங்கியிருக்கும். அந்தச் சேதம் முழுசாத் தெரியச் சில நாள்கள் ஆகும். கழுத்து, மார்பு, வயிற்றில் கடி என்றால் உடனே டாக்டரிடம் ஓடுங்க.

ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்க. வலியில் உங்களையே கடிக்கும், ஜாக்கிரதை! மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். நாம போடுற பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் நாய்க்கு விஷமாகலாம். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

டாக்டர் உடனே தைக்கலைன்னு கோபப்படாதீங்க. சீழ் வடிய, காயத்தைத் திறந்துவிடுவதும் சிகிச்சைதான். ஏற்கெனவே ரேபிஸ் ஊசி போட்டிருந்தாலும், மறுபடி போடணும். விலக்கிவிடப் போய் உங்களுக்குக் கீறல் விழுந்திருந்தால், சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்க.

தையல் பிரிக்க 10-14 நாள்கள் ஆகும். அதுவரை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டணும். பாவமாகப் பார்க்கும், கழற்றிடாதீங்க. காயம் ஆறினாலும் தெருவைப் பார்த்தால் நடுங்கலாம். இழுத்துட்டுப் போகாதீங்க. முதலில் வாசல் வரை, பிறகு நாய்கள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தெருமுனை வரை.