மணிக்கணக்கு எழுதாத தண்டனை: சமூக சேவையும் தன்னார்வ அமைப்புகளும்

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, மரண தண்டனையில் தொடங்கும் தண்டனை வரிசையில் ஆறாவதாகச் சமூக சேவையைச் சேர்த்திருக்கிறது. 1978-இல் இதே யோசனையுடன் மாநிலங்களவையில் நிறைவேறிய திருத்த மசோதா, மக்களவை கலைந்ததால் காலாவதியானது. சிறுவர் நீதிச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்த ஏற்பாடு, இவ்வளவு காலம் கழித்துப் பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் சட்டத்தின் வாசகத்தை நிதானமாகப் படித்தால், இது நியாயமான தண்டனையாக அமையுமா என்பது இன்னும் முடிவாகவில்லை என்றே தோன்றுகிறது.

ஆறு குற்றங்களுக்கு இது பொருந்தும். அவற்றுள் 355ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். குடிபோதையில் பொது இடத்தில் தொல்லை கொடுப்பவருக்கு 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. சிறைக்கு உச்ச வரம்பு உண்டு, அபராதத்துக்கும் உண்டு; சேவைக்கு மட்டும் இல்லை. சமூகத்துக்குப் பயன்படும், ஊதியம் இல்லாத வேலை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23ஆம் பிரிவு விளக்கம் தருவதோடு நின்றுவிடுகிறது. எத்தனை மணி நேரம், எங்கே, யார் மேற்பார்வையில் என்பதெல்லாம் அதில் இல்லை. ஒரு நீதித்துறை நடுவர் முப்பது நாள் வேலை விதித்தால், கொத்தனாருக்கு அது முப்பது நாள் கூலி. சிறையில் ஒரே ஒரு நாள் இருந்துவிட்டு வந்திருக்கலாமே என்று அவர் நினைத்தால் யாரும் குறைசொல்ல முடியாது. மாதச் சம்பளக்காரரோ ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார். ஒரே உத்தரவு, இருவர்மேலும் இரண்டு எடையில் இறங்குகிறது.

இங்கிலாந்து 1972-இல் இந்தத் தண்டனையைக் கொண்டுவந்தபோதே 40 முதல் 240 மணி நேரம் என்று எல்லை கட்டியது. நம் சட்டம் அதைச் செய்யாமல் விட்டதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

திருட்டுக்கான சலுகையில் வேறொரு சிக்கல் இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி முதல் முறையாகத் தண்டனை பெறுபவருக்குச் சமூக சேவைதான் என்கிறது 303ஆம் பிரிவு. ஆனால் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தாக வேண்டும். செல்பேசியைத் திருடி விற்று, அந்தப் பணத்தையும் செலவழித்துவிட்டவர் எதைத் திருப்பித் தருவார்? சலுகை யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே கதவு சாத்தப்படுகிறது. மேலும், இந்தத் தண்டனை தீர்ப்புக்குப் பின் வருவது. 2022-ஆம் ஆண்டின் சிறைப் புள்ளிவிவரப்படி, நாட்டின் 5.73 லட்சம் கைதிகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் உள்ளே இருந்தவருக்குக் கடைசியில் சேவைத் தண்டனை விதிப்பது, ஏற்கெனவே அனுபவித்த தண்டனைக்கு மேல் இன்னொன்றைச் சேர்ப்பதுதான்.

நீதிமன்றங்களும் சேவையைச் சில நேரம் தப்பான இடத்தில் வைக்கின்றன. 2024 மே மாதம் புனேயில் சொகுசுக் கார் மோதி இருவர் இறந்த வழக்கில், காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட சிறுவனுக்குச் சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் வழங்கப்பட்டது. நாடே கொதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் பைக் சாகசம் செய்த இளைஞர் ஒருவருக்கு அரசு மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுமாறு நிபந்தனை விதித்தபோது பரவலாகப் பாராட்டினார்கள். ஒன்று கேலிக்குரியது, மற்றொன்று நல்லெண்ணம் கொண்டது என்று பிரித்துப் பார்ப்பது எளிது. ஆனால் இரண்டுமே ஜாமீன் நிபந்தனைகள். குற்றம் நிரூபணமாகும் முன்பே தண்டனையின் சாயலில் ஒன்றை விதிப்பது, நோக்கம் எதுவானாலும், முறையன்று.

எந்த வேலையைக் கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். சமூக சேவை என்றதும் நம் அதிகாரிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது துடைப்பம். தெருவைப் பெருக்குவதும் கழிப்பறையைக் கழுவுவதும் குற்றவாளிக்குரிய இழிவு என்றால், அதையே நாள்தோறும் செய்து பிழைக்கும் தூய்மைப் பணியாளரைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம்? சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அந்தப் பாகுபாடு சிறைக்கு வெளியே சேவை என்ற பெயரில் திரும்ப வந்துவிடக் கூடாது.

தன்னார்வ அமைப்புகளுக்கு வேலை இருப்பது இங்கேதான். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், மாநில அரசு அங்கீகரித்த ஒரு சங்கம் தரும் நபரும் நன்னடத்தை அலுவலராகச் செயல்படலாம் என்று 13ஆம் பிரிவில் வழிவிட்டிருக்கிறது. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தண்டனைக்கு முன் ஒருவரின் வீட்டுச் சூழல், தொழில், குடிப்பழக்கம், கடன் ஆகியவற்றை நேரில் விசாரித்து நடுவருக்கு அறிக்கை தருவதுதான் இதில் மிகப் பெரிய உதவி. பந்தலில் மாலை வேலை பார்ப்பவருக்குக் காலையில் பள்ளித் தோட்டம், தச்சருக்கு அங்கன்வாடியின் உடைந்த பெஞ்சு என்று ஆளுக்கேற்ப வேலையைப் பொருத்த, ஊரை அறிந்தவர்களால்தான் முடியும். ஜிம்பாப்வே 1990-களில் இந்த முறையைக் கொண்டுவந்தபோது, பள்ளிகளும் மருத்துவமனைகளும் தண்டனை பெற்றவர்களை ஏற்றுக்கொண்டன. நீதிபதிகளும் தொண்டு நிறுவனத்தினரும் ஒரே குழுவில் அமர்ந்து அதை நடத்தினார்கள்.

எச்சரிக்கையும் தேவை. சேவையைச் செய்யத் தவறினால் சிறை என்கிறது சட்டம். அப்படியானால் தொண்டு நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் விழும் ஒரு கையெழுத்து ஒருவரின் விடுதலையைத் தீர்மானிக்கிறது. கூலியில்லா ஆள் கிடைப்பதில் அந்த நிறுவனத்துக்கு ஆதாயமும் உண்டு. எனவே பதிவேட்டை நன்னடத்தை அலுவலர் சரிபார்க்க வேண்டும். கட்சி, மதச் சார்புள்ள அமைப்புகளுக்கு ஆளை அனுப்பக் கூடாது. தண்டனைக் காலத்தைக் கூட்டவோ குறைக்கவோ அமைப்புக்கு எந்த அதிகாரமும் இருக்கக் கூடாது.

மாநில அரசு விதிகளில் உச்ச வரம்பை எழுதும்வரை, ஒவ்வொரு நடுவரும் தம் உத்தரவிலேயே மணி நேரத்தையும் வேலையையும் முடிக்க வேண்டிய தேதியையும் குறிப்பிட வேண்டும். அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் பட்டியலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் நீதிமன்ற வளாகங்களில் ஒட்டி வைக்கலாம்.