வேலை அனுமதியும் குடியுரிமையும்: மலாயாத் தமிழ்த் தொழிலாளர் மீதான குடிநுழைவுக் கட்டுப்பாடுகள் (1907–1969)

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் வருகையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கப்பல், கங்காணி, காடழிப்பு, பால்மரம் என அவ்வரலாறு விரியும். திரும்பிச் சென்றோர் அதில் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுவர். 1969 ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும், வேலை அனுமதி பெற இயலாத இந்தியத் தொழிலாளர் ஏறத்தாழ 60,000 பேர் இந்நாட்டை விட்டு வெளியேறினர் என்பது ஆய்வாளர்தம் மதிப்பீடு. அவ்வெளியேற்றத்தை 1969 மே கலவரத்தின் பின்விளைவாக மட்டும் காண்பது போதாது. குடிநுழைவுக் கொள்கையில் அரைநூற்றாண்டுக்கும் மேலாக நிகழ்ந்த மாற்றங்களின் இறுதிக் கட்டமாகவும் அதனைக் காண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறந்த வாயில்

சஞ்சிக்கூலி முறை 1910 ஆம் ஆண்டில் கைவிடப்பட்டபோது அதற்கு மாற்று முன்னரே ஆயத்தமாக இருந்தது. 1907 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்தியக் குடிநுழைவு நிதிக்குத் தோட்ட முதலாளிகள் கட்டாயமாகப் பணம் செலுத்தினர். உரிமம் பெற்ற கங்காணி தன் சொந்த ஊருக்குச் சென்று ஆள் திரட்டினார். திரட்டப்பட்டோர் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தங்கிக் கப்பலேறினர். கப்பற் கட்டணத்தை அந்நிதியே ஏற்றுக்கொண்டதால் தொழிலாளி சட்டப்படி கடனின்றி இறங்கினார். சஞ்சிமுறையோடு ஒப்பிட இது ஒரு சீர்திருத்தமே.

எனினும் அந்நிதி அழைத்து வருவதற்கு மட்டுமன்றித் திருப்பி அனுப்புவதற்கும் பயன்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930 முதல் 1932 வரை, இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் தாயகம் அனுப்பப்பட்டனர். ரப்பர் விலை ஏறியபோது மீண்டும் ஆள் திரட்டப்பட்டது. தொழிலாளி குடியேறியவராக அன்றி, வேண்டும்போது வரவழைத்து வேண்டாதபோது அனுப்பத்தக்க உழைப்பாகவே கருதப்பட்டார். பிற்காலச் சட்டங்களின் வேர் இக்கருத்திலேயே உள்ளது.

இருமுறை அடைபட்ட வாயில்

வாயிலை முதலில் அடைத்தது இந்திய அரசாங்கமாகும். 1936 ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1937 இல் அறிக்கை அளித்தார். அதனை அடுத்த ஆண்டிலேயே ரப்பர் விலை வீழ்ச்சியைக் காட்டித் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைக்க முற்பட்டனர். இதன் விளைவாக, நிதியுதவியுடன் கூடிய தொழிலாளர் பயணத்தை இந்திய அரசாங்கம் 1938 ஜூன் மாதத்தில் தடை செய்தது. தொழிலாளர் நலன் கருதி எடுக்கப்பட்ட முடிவு அது. எனினும் ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையே ஆண்கள் போய்வந்த வழக்கம் அதனால் தடைப்பட்டது. இங்கிருந்தோர் நிலையாகத் தங்கும் போக்கு வலுப்பெற்றது.

இரண்டாவதாக வாயிலை அடைத்தது மலாயா அரசாங்கம். 1953 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், தொழிற்றிறன் உடையோர், இங்கு வாழ்வோரின் மனைவி மக்கள் முதலிய சில பிரிவினருக்கு மட்டுமே நுழைவை அனுமதித்தது. உடலுழைப்பை மட்டும் நம்பி வருவோரின் காலம் முடிவுற்றது. இவ்விரு தடைகளும் இனி வரவிருந்தோரையே பாதித்தன. ஏற்கெனவே வாழ்ந்தோரின் வேலையைத் தொடவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

நீல அட்டையும் சிவப்பு அட்டையும்

1957 ஆம் ஆண்டு விடுதலையின்போது மலாயாவில் ஏறத்தாழ 7 இலட்சம் இந்தியர் வாழ்ந்தனர். வெளிநாட்டிற் பிறந்து இங்குக் குடியிருந்தோர், முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருத்தல், நன்னடத்தை, அடிப்படை மலாய்மொழி அறிவு ஆகிய தகுதிகளுடன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அரசமைப்புச் சட்டம் வழிவகுத்தது. தொடக்க ஓராண்டில் விண்ணப்பித்தோருள் சில பிரிவினருக்கு மொழித்தகுதியில் விலக்கும் இருந்தது.

தகுதி உடைய பலர் ஏன் விண்ணப்பிக்கவில்லை? எழுத்தறிவின்மை ஒரு காரணம். பிறப்புச் சான்றோ வருகைச் சான்றோ இல்லாமை மற்றொன்று. பதிவு அலுவலகத்திற்குச் செல்ல ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். படிவத்தை நிரப்பக் கிராணியை நாட வேண்டும். ஊரில் பெற்றோரையோ மனைவியையோ விட்டு வந்தோர் என்றேனும் திரும்புவோம் என எண்ணினர். அனைத்திற்கும் மேலாக, சிவப்பு அடையாள அட்டை பெற்ற நிரந்தரவாசிக்கும் நீல அட்டை பெற்ற குடிமகனுக்கும் இடையே பால்வெட்டு வேலையில் அன்று வேறுபாடு இல்லை. நாள்தோறும் அதே நிரை, அதே வாளி, அதே கூலி. அட்டையின் நிறம் உணவைத் தீர்மானிக்கும் என எண்ண அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

இதே காலத்தில் தோட்டத் துண்டாடலால் பல குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. துன் வீ. தி. சம்பந்தன் 1960 ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இந்நெருக்கடியை எதிர்கொள்ளவே. நிலம் பறிபோவதைத் தடுக்க ஒரு சங்கம் எழுந்தது. ஆவணமின்மையால் வரவிருந்த இழப்பைத் தடுக்க அதற்கு நிகரான முயற்சி தோட்டந்தோறும் சென்று சேரவில்லை.

1968 ஆம் ஆண்டுச் சட்டம்

வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. குடிமக்கள் அல்லாதோர் குறிப்பிட்ட தொழில்களில் பணிபுரிய வேலை அனுமதிச் சீட்டுப் பெறுதல் கட்டாயமாயிற்று. குடிமக்களிடையே வேலையின்மை பெருகியிருந்த சூழலில், குடிமக்களுக்கு முன்னுரிமை அளிப்பது அரசாங்கத்தின் நோக்கமாக இருந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடொன்று இவ்வாறு எண்ணுவது இயல்பே. 1969 மே நிகழ்வுகளுக்குப் பின் சட்டம் கடுமையாகச் செயற்படுத்தப்பட்டது.

சட்டம் எல்லா இனத்தாருக்கும் பொதுவானது. ஆயினும் தேர்ச்சி தேவைப்படாத வேலைகளில் மிகுதியாக இருந்த இந்தியத் தொழிலாளரே பெரும் பாதிப்புக்கு உள்ளாயினர். நிரந்தரமாக வாழும் உரிமை உடையவரும் உழைக்கும் உரிமைக்குத் தனியே அனுமதி நாட வேண்டிய நிலை எழுந்தது. வாழலாம், ஆனால் பிழைக்க இயலாது என்னும் இந்நிலையே வெளியேற்றத்தின் அடிப்படையாகும். முன்னைய சட்டங்கள் வாயிலில் நின்றோரைத் தடுத்தன. இச்சட்டமோ வீட்டினுள் முதுமை எய்தியோரை அந்நியராக்கியது. இங்குப் பிறந்த பிள்ளைகளுடன் பார்த்தறியாத ஊருக்குச் சென்றோரும், குடும்பத்தைப் பிரிந்து சென்றோரும் உளர்.

முடிவுரை

பின்வந்த வரலாறு ஒரு முரணைக் காட்டுகிறது. தோட்டங்களில் ஆட்பற்றாக்குறை ஏற்பட்டு, 1984 ஆம் ஆண்டில் இந்தோனேசியாவுடன் செய்துகொண்ட மேடான் ஒப்பந்தத்தின் வழித் தோட்டத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். பின்னர் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். அவர்தம் தற்காலிக வேலை அனுமதி குறிப்பிட்ட முதலாளி ஒருவருடன் பிணைக்கப்பட்டுள்ளது. வேலை போனால் தங்கும் தகுதியும் போகும். கங்காணி இருந்த இடத்தில் இன்று முகவர் உள்ளார்.

2018 ஆம் ஆண்டில், 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டை இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. விடுதலையின்போது இளையோராகவோ சிறாராகவோ இருந்தவர்கள் அவர்கள். ஓராண்டுக் காலக்கெடுவுக்குள் தீர்ந்திருக்கக்கூடிய சிக்கல் அறுபது ஆண்டுகள் நீடித்தது.

குடிநுழைவுச் சீர்திருத்தம் பற்றி இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, இனி வருவோருக்கான விதி வேறு, ஏற்கெனவே வாழ்வோருக்கான விதி வேறு. இரண்டையும் ஒன்றாக்கும் சட்டம் நோக்கம் நன்றாயினும் அநீதியில் முடியும். இரண்டாவது, ஏட்டில் உள்ள உரிமை எழுத்தறியாத தொழிலாளியின் லயன் வீட்டு வாசலுக்குச் சென்று சேராதவரை உரிமை ஆகாது.

சிவப்பு அட்டைத் தலைமுறையில் எஞ்சியிருப்போர் சிலரே. அவர்தம் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவதில் தமிழாசிரியர்கள் பெரும்பங்கு ஆற்ற இயலும். தம் மாணவரின் தாத்தா பாட்டியர் வீட்டுப் பெட்டிகளில் அந்த அட்டைகள் இன்றும் இருக்கலாம். வந்தோரின் கதையோடு சென்றோரின் கதையும் பதிவாகும்போதே மலேசியத் தமிழர் வரலாறு முழுமை பெறும்.