ராசம்மாவும் காஜாங் தாய்மார்களும்

நேயர்களே, படிப்பை நிறுத்திவிட்ட மகளைத் தொழில் பழக அனுப்புங்கள் என்றால் எங்கள் காஜாங் தாய்மார்கள் கேட்பது இதுதான்: “வயசுப் பிள்ளையைத் தனியாகக் கோலாலம்பூருக்கு எப்படி அனுப்புவது?”

1943-இல், 16 வயதில், ராசம்மா தம் சகோதரியோடு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனார். அந்தத் தாயின் மனத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

பின்னர் ஆசிரியையானார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலை. பெண்ணுக்கு மட்டும் சம்பளம் குறைவு. 1960-இல் பெண் ஆசிரியர் சங்கம் கண்டு சம ஊதியம் கேட்டுப் போராடினார். பிற்காலத்தில் இதே ராசம்மா பூபாலன்தான், கோலாலம்பூர் ஒய்.டபிள்யூ.சி.ஏ.வில் வசதியற்ற பெண்பிள்ளைகளுக்கான தொழிற்பயிற்சி மையம் உருவாக முன்னின்றவர். தையல், ரொட்டி செய்தல், சிகை அலங்காரம் என்று கைத்தொழில்கள். தொழில் கையில் இருந்தால்தான் சம்பளம் கேட்க வாய் வரும் என்பது என் எண்ணம்.

அந்த ஹாங் ஜெபாட் சாலைக்குக் காஜாங்கிலிருந்து 2017 முதல் எம்.ஆர்.டி. ரயிலே இருக்கிறது. மெர்டேக்கா நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம், அம்மா.