இரு மருந்துகளின் கதை

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் வரலாற்றைப் பேசும்போது நாம் பெரும்பாலும் காமிராவோடு நின்றுவிடுகிறோம். நெகடிவ் தாளில் எந்த முகத்தோடு வெளிப்படும் என்பதை முடிவு செய்ததில், இருட்டறைத் தட்டில் கிடந்த டெவலப்பருக்கும் பங்குண்டு.

1880இல் ஆங்கிலேயரான ஆப்னி, ஹைட்ரோகுவினோனை டெவலப்பராகப் பயன்படுத்தலாம் எனக் கண்டறிந்தார். 1891இல் மெட்டால் வந்தது. மெட்டால் விரைந்து தொடங்கி மென்மையான சாம்பல் நிறங்களைத் தரும். ஹைட்ரோகுவினோன் தயங்கித் தொடங்கி அழுத்தமான கறுப்பைத் தரும். கோடாக்கின் டி-72 சூத்திரம் ஒரு லிட்டருக்கு 3 கிராம் மெட்டாலையும் 12 கிராம் ஹைட்ரோகுவினோனையும் சேர்த்தது. ஒரு பங்கு மருந்துக்கு இரு பங்கு நீர் என்பது வழக்கம். நீர் கூடினால் வேகம் தணியும். மருந்தும் சீக்கிரம் களைத்துவிடும்.

அக்காலத்தில் அச்சுத்தாள்கள் குறிப்பிட்ட கான்ட்ராஸ்ட் தரங்களில் மட்டுமே கிடைத்தன. இரண்டு தரங்களுக்கு நடுவே விழுந்த நெகடிவுக்குப் பொருத்தமான தாளே இல்லை. பீர்ஸ் என்பவரின் சூத்திரம் இந்த இடைவெளியை நிரப்பியது: மெட்டால் ஒரு கரைசல், ஹைட்ரோகுவினோன் மற்றொன்று. இரண்டையும் ஏழு விகிதங்களில் கலந்தால் ஒரே தாள் ஏழு படிகளில் பேசிற்று. அன்சல் ஆடம்ஸும் அச்சுக்கலை பற்றிய தம் நூலில் இதற்கு இடமளித்தார்.

1940இல் இல்ஃபோர்டின் மல்டிகிரேட் தாள் வந்தபின், கான்ட்ராஸ்டைத் தேரும் பொறுப்பு மெல்ல மெல்ல விளக்கின் வண்ண வடிகட்டிக்குப் போயிற்று. வசதி கூடியது, ஐயமில்லை. ஆயினும் எவ்வளவு கறுப்பு போதும் என்ற கேள்விக்கு இன்றும் அச்சிடுபவரின் கண்ணே விடை சொல்கிறது என்றே நாம் கருதுகிறோம்.