கட்டடத்துக்கு முன் பிறந்த கல்விச்சாலை

பழனி மலைமேல் கோடைக்கானல் ஊர் எழுந்தது, 1845 ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தார் சமவெளியின் வெம்மைக்கும் நோய்க்கும் அஞ்சி அங்கு இல்லங்கள் அமைத்ததனால் என்பது அன்பர் பலரும் அறிந்ததே. 1901 ஆம் ஆண்டில் மிஷனாரிகளின் மக்களுக்கென அவ்வூரில் பள்ளியொன்றும் தோன்றிற்று. தம் பிள்ளைகளுக்குத் தாமே பள்ளி காணுதல் எவர்க்கும் இயல்பு. நம் சங்கத்தார் மலைச்சிற்றூர்ப் பிள்ளைகளின் பொருட்டுக் கல்விச்சாலை காண விழைவதும் அவ்வியல்பினதே. ஆயின், "முதலிற் கட்டடம், பின்னரே படிப்பு" என்னும் கொள்கை நம்மவருள் வேரூன்றி நிற்கின்றது. அது தக்கதோ என்பதை லுத்தரன் சபையாரின் பழைய வரலாறொன்றைக் கொண்டு ஆராய்வாம்.

ஜெர்மனி நாட்டு ஹாலே நகரத்தை அடுத்த கிளௌக்காவில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் லுத்தரன் குருவானவர் இருந்தார். ஏழைகளின் பொருட்டு அவர் தம் இல்லத்தில் உண்டியொன்று வைத்திருந்தார். 1695 ஆம் ஆண்டில் ஒருநாள் அதனுள் 4 தாலரும் 16 குரோசனும் கண்டார். "இது நல்ல முதல், இதனால் ஏழைப்பள்ளி தொடங்குவேன்" என்று துணிந்தார். 2 தாலருக்கு நூல்கள் வாங்கினார். வறிய மாணவர் ஒருவரை நாடோறும் 2 மணிநேரம் கற்பிக்க அமர்த்தினார். பள்ளியாய் அமைந்ததோ தம் படிப்பறையை அடுத்த அறையே. பிள்ளைகள் கொண்டுசென்ற 27 நூல்களுள் மீண்டுவந்தவை 4 மாத்திரமே. அதுகண்டு அவர் பள்ளியை மூடினாரல்லர். எஞ்சிய காசுக்கு வேறு நூல்கள் வாங்கி, பாடம் முடிந்தபின் அவற்றை அங்கேயே வைத்துச் செல்லுமாறு ஒழுங்கு செய்தார்.

நிற்க. பாடத்தின் நன்மை கண்ட நடுத்தரக் குடியினர் சிலர், தம் மக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டினர். வாரந்தோறும் பிள்ளைக்கு ஒரு குரோசன் கொடுத்தனர். அதனால் ஆசிரியரின் ஊதியம் உயர்ந்தது. கற்பிக்கும் நேரமும் 5 மணியாயிற்று. உடையார் ஈந்த சிறுபொருள் இல்லார் மக்களுக்கும் ஆசானை நிலைநிறுத்திய திறம் இதுவாம். பின்னர் இரு திறத்தாரையும் வெவ்வேறாகப் பிரித்துக் கற்பித்தனர். அது நாம் கொள்ளற்பாலதன்று. பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது 1698 ஆம் ஆண்டிலேதான். அதாவது, கல்வி பிறந்து மூன்றாண்டு கழிந்த பின்னரே கல் வந்தது. 1727 ஆம் ஆண்டில் பிராங்கே மறைந்தபோது அப்பள்ளிகளிற் பயின்றோர் 2000க்கு மேற்பட்டோர்.

அந்த ஹாலேயிற் சிலகாலம் பயின்றவரே பர்த்தலோமேயு சீகன்பால்கு. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கு அனுப்ப, அவர் புளுச்சோ என்பாருடன் 1706 ஜூலை 9 ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் தமிழ் கற்ற முறை வியக்கற்பாலது. தமிழாசிரியர் ஒருவரைத் தம்மிடத்தே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு தாமும் அமர்ந்து மணலில் எழுத்துக்களை வரைந்து பழகினார். கற்பிக்க வந்தவர் முதலிற் கற்கும் பிள்ளையாயினர்! அடுத்த ஆண்டிலேயே அவர்தம் பள்ளி வேலை தொடங்கிற்று, ஏழைப்பிள்ளைகளுக்கு உணவும் உடையும் அளித்துத் தாய்மொழியிற் கற்பித்தனர், பெண்மக்களையும் ஒதுக்கினாரல்லர். 1708 ஆம் ஆண்டின் இறுதியில் டேனியத் தளபதி சீகன்பால்குவைச் சிறைப்படுத்தினான். நான்கு திங்கள் சென்று விடுதலை பெற்றார். ஆயினும் பணி நின்றதில்லை. 1713 ஆம் ஆண்டில் அங்குத் தமிழ் அச்சும் இயங்கலாயிற்று. சமயம் பரப்புதலே அவர் நோக்கம் என்பதை மறுப்பாரிலர். எனினும் கல்விச்சாலை காணும் நெறியை எவரிடத்தும் கற்றல் இழுக்கன்று.

அன்பர்களே! ஹாலேயில் ஓர் அறை; தரங்கம்பாடியில் ஒரு பிடி மணல். கட்டடநிதி நிறைவதற்குள் இன்று எட்டு வயதுடைய பிள்ளை வளர்ந்து, கூடை சுமக்கப் போய்விடுமன்றோ? ஆகலின் நம்மவருள் இடமுடையார் தம் திண்ணையொன்று தருக. பொருளுடையார் தம் பிள்ளைக்குரிய கட்டணத்தைத் தவறாது செலுத்துக. அதனைக்கொண்டு ஆசிரியர்க்குத் திங்கள்தோறும் ஊதியம் அளிப்போமாக. உள்ளவர் பிள்ளையும் இல்லாதவர் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து பயிலுக. சுவர் பின்னர் எழும்.