உயிரோடு இருந்தவருக்குக் கொடுத்த மரணப் பதக்கம்

1944-ன் தொடக்கத்தில் இத்தாலி ரெண்டா கிழிஞ்சு கிடந்தது. வடக்கே ஜெர்மனியின் நிழலில் முசோலினி அரசு, தெற்கே நேச நாடுகளோடு சேர்ந்துகொண்ட மன்னரின் அரசு. ரெண்டுக்கும் தனித்தனி விமானப்படை. வடக்கில் இருந்த டார்பிடோ விமானப் பிரிவுக்கு, போரில் இறந்துபோன ஒரு வீரரின் பெயரை வச்சிருந்தாங்க: கார்லோ எமானுவேலே புஸ்கால்யா.

ஆனா அந்த மனுஷன் சாகவே இல்லை.

1915-ல் நொவாரா ஊரில் பிறந்தவர். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும், புதுசா உருவான டார்பிடோ பிரிவுக்கு வந்த முதல் சில விமானிகளில் ஒருத்தர். இந்த வேலை எப்படின்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மூணு எஞ்சின் வச்ச சவோயா-மார்க்கெட்டி விமானம். வயிற்றுக்குக் கீழே டார்பிடோ. கடலை உரசுற மாதிரி தாழ்வா, வளையாம நெளியாம, கப்பலை நோக்கி நேரா பறக்கணும். கொஞ்சம் சாய்ஞ்சாலும் டார்பிடோ குறி தவறிடும். கப்பல்ல இருக்கிற அத்தனை பீரங்கியும் உங்களைப் பார்த்துத்தான் சுடும். அதுக்குள்ள ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்குப் போய் விட்டுட்டுத் திரும்பணும். இதையே ரெண்டு வருஷத்துக்கு மேல செஞ்சார். 1940 டிசம்பரில் கிரீட் தீவின் சூடா விரிகுடாவில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிளாஸ்கோ அடிபட்டது, அவர் பங்கேற்ற தாக்குதலில்தான். வெள்ளிப் பதக்கங்கள் குவிஞ்சது. 1942-ல் 132-வது டார்பிடோ விமானக் குழுவுக்கே தலைவர்.

அதே வருஷம் நவம்பர் 12. அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. அல்ஜீரியாவின் பூஜி துறைமுகத்தில் நின்ற கப்பல்களைத் தாக்கப் போனவரை ஸ்பிட்ஃபயர்கள் சுட்டு வீழ்த்தின. விமானம் எரிஞ்சு விழுந்ததைப் பார்த்த யாரும் அவர் பிழைப்பார்னு நினைக்கலை. நாட்டின் உயரிய வீர விருதான தங்கப் பதக்கம், இறந்தவர் நினைவாக அறிவிக்கப்பட்டது.

உண்மையில் தீக்காயங்களோடு பிழைச்சு, பிடிபட்டு, அமெரிக்காவில் போர்க்கைதியாக இருந்தார். டேட்டாபேஸ்ல ஒரு ரெக்கார்டு அப்டேட் ஆகலைன்னா நாம டிக்கெட் போடுவோம். இங்கே அந்தப் பழைய ரெக்கார்டை நம்பி ஒரு படைப்பிரிவே பறந்துக்கிட்டு இருந்தது. அதன் தலைவர் கார்லோ ஃபஜ்ஜோனி, புஸ்கால்யாவின் கீழ் பறந்த பழைய தோழர். 1944 ஏப்ரலில் ஆன்ஸியோ அருகே நேச நாட்டுக் கப்பல்களைத் தாக்கப்போய் உயிரை விட்டார்.

சில மாசத்துக்குள்ள புஸ்கால்யா இத்தாலி திரும்பினார். சேர்ந்தது தெற்குப் படையில். துரோகியா? எனக்கு அப்படித் தோணலை. அவர் அடிபட்டு விழுந்தப்போ இருந்த இத்தாலி, திரும்பி வந்தப்போ இல்லை. ரெண்டு பக்கமும் ‘இதுதான் இத்தாலி’ன்னு சொல்லிக்கிட்டு இருந்தது. எந்தப் பக்கம் போயிருந்தாலும் பழைய தோழர்களில் பாதிப் பேர் எதிரே நின்னிருப்பாங்க.

புதுப் படையில் அவருக்குக் கிடைச்சது அமெரிக்கத் தயாரிப்பான பால்டிமோர் குண்டுவீச்சு விமானம். 1944 ஆகஸ்ட் 23 அன்று, நேப்பிள்ஸ் பக்கத்தில், பயிற்சியாளர் இல்லாமல் தனியாக அதைக் கிளப்பினார். கிளம்பும்போதே விபத்து, தீ. மறுநாள் இறந்தார். 29 வயசு முடிய ஒரு மாசம்கூட இல்லை.

வடக்கில் இருந்த பிரிவு ‘புஸ்கால்யா’ என்ற பெயரை எடுத்துவிட்டு, ‘ஃபஜ்ஜோனி’ என்று மாற்றிக்கொண்டது.